லொறி குடிக்கும் ஒயிலும் முதலாளி பார்க்கும் விலையும்

நம்மவர்களில் லொறி வைத்துத் தொழில் செய்வோர் பலர். அரிசி, மரக்கறி, சீமெந்து, மீன் என்று ஏற்றி இறக்கும் பொருள் வேறுபடலாம். இஞ்சின் ஒயில் வாங்கும் விதம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். "டீசல் லொறிக்கு ஒயில் தாங்க தம்பி, விலை குறைஞ்சது எது?" என்று கேட்போம். கடைக்காரர் எடுத்துத் தருவார், இலாபம் என்று எண்ணிக்கொண்டு வருவோம். ஒரு டயர் வாங்க நாலு கடை ஏறி இறங்குபவர்கூட ஒயில் கானில் என்ன எழுதியிருக்கிறது என்று திருப்பிப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

2011ஆம் ஆண்டு சீனியும் மாவும் ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போன எனது கென்டர் லொறி கடுகண்ணாவை ஏற்றத்தில் நின்றுவிட்டது. இஞ்சினுக்குள் தட்டும் சத்தம் கேட்டும், மேலே போய்ப் பார்ப்போம் என்று சாரதி இன்னும் ஒரு கட்டை ஓட்டியிருக்கிறார். கராஜில் சம்ப்பைக் கழற்றிய பாஸ் விரலில் எடுத்துக் காட்டி, "முதலாளி, இது ஒயில் இல்ல, தார்" என்றார். வழமையான கடையில் சரக்கு இல்லாததால் வேறோர் இடத்தில் லீற்றருக்கு நூறு ரூபா குறைவாக வாங்கிய ஒயில் அது. கானில் நல்ல பெயர்தான் இருந்தது. உள்ளே இருந்தது வடித்தெடுத்த பழைய ஒயில் என்பது பிறகுதான் விளங்கியது. பத்து லீற்றரில் ஆயிரம் ரூபா மிச்சம் பிடித்தேன். கிராங்க் தீட்டி, பெயாரிங் மாற்றி எல்லாம் முடிய இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. மூன்று கிழமை லொறி ஓடவில்லை. லீசிங்காரர் மூன்று கிழமை பொறுப்பாரா?

பழி முழுவதையும் அந்தக் கடைக்காரர் மீது போட எனக்கு மனம் வரவில்லை. விலை ஏன் குறைவு என்று நான் கேட்கவில்லை. அதற்கு முந்திய ஒயிலை மாற்றவேண்டிய காலமும் எப்போதோ கடந்திருந்தது.

அதன் பின்னர்தான் இந்த விடயத்தைக் கொஞ்சம் படித்தேன். படித்ததில் முதலாவது, விரலில் தேய்த்துப் பார்த்து ஒயில் வாங்கும் வழக்கம் வெறும் ஏமாற்று. தடிப்பான ஒயில்தான் நல்ல ஒயில் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கானில் 15டபிள்யூ-40 என்று இருந்தால், முதல் இலக்கம் குளிரில் ஓடும் தன்மையையும் இரண்டாவது இலக்கம் இஞ்சின் சூடேறிய பின் இருக்கும் தடிப்பையும் சொல்கிறது. வெறும் 40 ஒயில் நுவரெலியாவின் விடியற்காலையில் தேன் போல நிற்கும். அது மேலே ஏறிச் சேரும்வரை இரும்பும் இரும்பும் உரசும். ஒயில் குடிக்கிற பழைய இஞ்சினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றுவதும் நோயை மூடிவைப்பதே தவிர மருந்தல்ல.

இரண்டாவது, நிறம். "ஊத்தி ரெண்டு நாளில கறுத்துப் போச்சு, கள்ள ஒயில்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்களை நான் அறிவேன். டீசல் எரியும்போது கரி உண்டாகும். அந்தக் கரியைத் தன்னுள் இழுத்து, இரும்பில் படியாமல் மிதக்க வைத்திருப்பதுதான் நல்ல ஒயிலின் வேலை. ஆகவே டீசல் இஞ்சினில் ஒயில் கறுப்பது வேலை நடப்பதன் அடையாளம். மாதக்கணக்கில் ஓடியும் பொன்னிறமாகவே இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? கானின் பின்புறத்தில் ஏ.பி.ஐ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருப்பதை. அது அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் தரவரிசை. 'எஸ்' என்று தொடங்கினால் பெற்றோலுக்கு, 'சி' என்று தொடங்கினால் டீசலுக்கு. அடுத்த எழுத்துத்தான் தரம். கடைசியில் வரும் 4 நான்கு ஸ்ட்ரோக் இஞ்சின் என்பதைக் குறிக்கிறதே தவிர தரத்தின் இலக்கமல்ல. சி.எச்.-4 1998இலும், சி.ஐ.-4 2002இலும், சி.ஜே.-4 2006இலும், சி.கே.-4 2016இலும் வந்தவை. 1994க்குப் பிறகு செய்த பெரும்பாலான இஞ்சின்களுக்கு சி.டி. உகந்ததல்ல என்றும், 2009க்குப் பிறகு செய்தவற்றுக்கு சி.எப்.-4 உகந்ததல்ல என்றும் அந்த நிறுவகமே எச்சரிக்கிறது. அந்த எழுத்துகள் உள்ள கான்கள் நமது கடைத்தெருவில் இன்றும் கண்ணில் படுகின்றன. விலை குறைந்தது கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் அவைதான்.

அதற்காக, ஆகக் கடைசியாக வந்ததே சிறந்தது என்று ஓடவும் வேண்டாம். இங்கேதான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். சி.ஜே.-4, சி.கே.-4 வகைகள் புகைக்குழாயில் கரி வடிகட்டி பூட்டிய புதிய இஞ்சின்களை எண்ணிச் செய்தவை. அவற்றில் சாம்பல் விடும் பொருள் குறைவு. வடிகட்டியில் சேரும் கரியை இஞ்சின் தானே எரித்துவிடும். ஒயிலின் சாம்பல் எரியாது, வருடக்கணக்கில் தங்கி அடைத்துவிடும். அப்படியான ஜப்பான் லொறி வைத்திருப்போர் ஜாசோ டி.எச்.-2 என்ற குறியைப் பார்த்து வாங்க வேண்டும். வடிகட்டி மாற்றும் விலையைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஆனால் வடிகட்டி இல்லாத பழைய லொறியில் கதை வேறு. அதற்கு நாம் அடிப்பது சுப்பர் டீசல் அல்ல, கந்தகம் கூடிய ஓட்டோ டீசல். கந்தகம் எரிந்தால் அமிலம் உண்டாகும். அதை முறிக்கும் காரம் ஒயிலில் இருக்க வேண்டும். அந்த லொறிக்கு சி.எச்.-4 அல்லது சி.ஐ.-4 தாராளமாகப் போதும். காசு கூடக் கொடுத்து சி.கே.-4 ஊற்றி, புது ஒயில்தானே என்று மாற்றும் காலத்தை நீட்டினால் இரட்டை நட்டம். 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் நம்மைக் காப்பாற்றியவை இந்தக் கிழட்டு இஞ்சின்கள்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

மாற்றும் காலம் என்றதும் எல்லோரும் கிலோமீற்றர் கணக்குச் சொல்வார்கள். நமது லொறிகளில் பாதியில் மீற்றரே வேலை செய்வதில்லை! வேலை செய்தாலும் போதாது. புறக்கோட்டையில் இறக்கும்வரை இஞ்சினை நிறுத்தாமல் இரண்டு மணித்தியாலம் நிற்கும் லொறிக்கு மீற்றரில் ஒரு கிலோமீற்றரும் ஏறாது. ஒயில் மட்டும் கரி தின்றுகொண்டே இருக்கும். கம்பனிப் புத்தகத்தில் கடின பாவனைக்கு என்று குறுகிய காலம் ஒன்று தனியாகப் போட்டிருப்பார்கள். நம் எல்லோருக்கும் உரியது அதுதான்.

ஒயில் விற்கும் நமது சகோதரர்களிடம் ஒரு கேள்வி. பற்றுச்சீட்டில் 'ஒயில் 10 லீ.' என்று மட்டும் எழுதுகிறீர்களே, பெயரையும் தரத்தையும் கானின் தொகுதி இலக்கத்தையும் எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்? நல்ல சரக்கு விற்பவருக்கு அதில் பயமில்லை. வெறும் கானைக் கிலோக் கணக்கில் விற்கும் சேர்விஸ் நிலையங்களும் கொஞ்சம் யோசிக்கலாம். கள்ள ஒயில்காரருக்கு வேண்டியது அந்தக் கான்தான்.

எனது லொறிகளின் ஒயில் கான்கள் வெறுமையானதும் அடியில் ஆணி அடித்து ஓட்டை போட்ட பிறகே வெளியே போகின்றன. இருக்கைக்குப் பின்னால் ஒரு அப்பியாசக் கொப்பி கிடக்கிறது. திகதி, தரம், வாங்கிய கடை, பில்டர் மாற்றியதா என்று சாரதி எழுத வேண்டும். முதல் மாதம் அவர் முணுமுணுத்தார். போன கிழமை பக்கம் முடிந்துவிட்டது என்று புதுக் கொப்பி கேட்டு அவரே வந்தார்.