கான்சாகிபுக்கு மாலை போடுமுன்

சயானிலும் தாராவியிலும் நம்மவர் மேடை போட்டால் வீரர் பட்டியல் வாசிக்காமல் கூட்டம் முடிவதில்லை. கட்டபொம்மன், மருது சகோதரர், பூலித்தேவர் எல்லோரும் வருவார்கள். யூசுப்கான் என்னும் மருதநாயகத்தையும் அதில் சேர்க்க வேண்டும் என்கிறோம். ஆனால் முழுக்கதையையும் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

ஆற்காட்டு நவாபு பதவிக்கு முகமது அலியும் சந்தாசாகிபும் மோதினார்கள். ஒருவர் பின்னால் ஆங்கிலக் கும்பினி, மற்றவர் பின்னால் பிரெஞ்சுக் கும்பினி. அந்த உள்நாட்டுச் சண்டைதான் இராமநாதபுரம் சீமைப் பனையூரில் பிறந்த சிப்பாயைத் தளபதியாக்கிற்று. திருச்சி முற்றுகையில் கும்பினிப் படைக்குத் தானியம் கொண்டுவந்து சேர்த்தார். 1758-59ல் லாலி சென்னைக் கோட்டையை வளைத்தபோது, வெளியே நின்று பிரெஞ்சுப் படையை அலைக்கழித்தார். வெள்ளைத் தளபதிகள் மெச்சினார்கள்.

மெச்சியவர்கள் அவரை எதற்கு அனுப்பினார்கள்? மதுரையிலும் நெல்லையிலும் வரி தண்ட! கப்பம் கட்ட மறுத்த பூலித்தேவரின் கோட்டைகளை 1761ல் வீழ்த்தியது கான்சாகிபின் படையே. நெல்லைச் சீமையிலிருந்து பிழைக்க வந்த நாம் இதை மறைக்கலாமா?

பிறகு அவர் செல்வாக்கு வளர்ந்தது. நவாபுக்குப் பொறுக்கவில்லை, கும்பினியும் நவாபு பக்கமே நின்றது. 1763ல் கான்சாகிபு எதிர்த்து எழுந்தார். மதுரைக் கோட்டை ஓராண்டுக் காலம் தாக்குப்பிடித்தது. ஆனால் துணைக்கு வரக்கூடிய பூலித்தேவரை அவரே ஒழித்திருந்தார். கடைசியில் உடனிருந்தவர்களே அவரைப் பிடித்துக் கட்டிக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15ல் தூக்கிலிட்டார்கள். அத்தனை வருட ஊழியத்துக்குக் கும்பினி கொடுத்த கூலி ஒரு முழக் கயிறு!

தோழர்களே, இது பழங்கதையா? கூலியைப் பிடித்துக்கொண்டு நம்மை விரட்டும் மேஸ்திரி யார்? குடிசையைக் காலி செய்யக் கையெழுத்துக் கேட்டு வாசலில் நிற்பவன் யார்? பெரும்பாலும் நம் ஊர்க்காரன், நம் பாஷை பேசுகிறவன். முதலாளிக்கு வேண்டியதும் அவன்தான். வேலை முடிந்தால் அவனுக்கும் இடமில்லை.

அந்தத் தம்பிகளை நாம் பகைக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறோம்: திரும்புவதானால் இப்போதே திரும்புங்கள். துணை நிற்க வேண்டியவர்களை எல்லாம் ஒழித்துவிட்டுத் திரும்பினால், வீரம் இருந்தும் பயனில்லை. கான்சாகிபு கழுத்தைக் கொடுத்துக் கற்ற பாடம் இது. மாலை போடுவோம், பாடத்தையும் படிப்போம்.