தூக்கமா, மௌத்தா?

கண் விழித்ததும் ஓதும் துஆவைச் சிறுவர்களுக்குத் தமிழில் எழுதித் தருவோர் சிலரிடம் ஒரு பயம் குடிகொண்டிருக்கிறது. அவர்களுடைய கைநூல்களில் அதன் பொருள் ‘எம்மைத் தூங்கச் செய்து எழுப்பிய அல்லாஹ்வுக்கே புகழ்’ என்று அச்சாகிறது. பிள்ளைகளும் வகுப்பில் அதையே ஒப்புவிக்கின்றனர். அரபியில் இருப்பதோ ‘அமாத்தனா’. எம்மை மரணிக்கச் செய்தான் என்பது. மரணிக்கச் செய்த பின் உயிர் தந்தவன் என்றே அந்த துஆ அல்லாஹ்வைப் புகழ்கிறது.

தூக்கத்துக்கு அரபியில் சொல் பஞ்சமா? சுபஹு பாங்கில் தினமும் ‘நவ்ம்’ என்று கேட்கிறோமே! அதே வைகறையில் ஓதும் துஆவில் நபி (ஸல்) அவர்கள் அச்சொல்லைக் கொள்ளவில்லை. புகாரியில் ஹுதைபா (ரழி) அறிவிக்கும் ஹதீஸில், படுக்கைக்குப் போகும்போது ஓதுவதிலும் மரணமும் வாழ்வும்தான் உள்ளன. ஸூரா ஸுமரின் 42ஆம் வசனம் இன்னும் தெளிவு: உறக்கத்தில் உயிர்களை அல்லாஹ் கைப்பற்றுகிறான், மரணம் விதிக்கப்பட்டதை நிறுத்திக்கொள்கிறான், மற்றதைக் குறித்த தவணை வரை திருப்பி அனுப்புகிறான். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவனின் நன்றி இது. ‘தூங்கச் செய்து’ என்று எழுதிவிட்டால், விருந்தாளி காலையில் வீட்டுக்காரருக்குச் சொல்லும் உபசாரமாக அது சுருங்கிப்போகும்.

தமிழுக்கு இந்தச் சிந்தனை அந்நியமுமல்ல. சாவை உறக்கத்துக்கும் பிறப்பை விழிப்புக்கும் ஒப்பிட்டவர் வள்ளுவர். ஆனால் அவர் சொன்னது உவமை. துஆவில் ‘போல’ இல்லை. அந்த இல்லாத ‘போல’வில்தான் அதன் பலமே இருக்கிறது. இலக்கியம் பேசும் நாமே இதைக் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பது?

‘பிள்ளைகள் பயந்துவிடுவார்கள்’ என்பது இவர்களின் சமாதானம். எந்தப் பிள்ளைகள்? பள்ளி ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் கேட்டு வளரும் பிள்ளைகளா? மூத்தம்மா மௌத்தானால் சந்தூக்கின் பின்னால் நடக்கும் பிள்ளைகளா? மௌத்து எங்கள் வீடுகளில் ஒளித்துவைத்த சொல் அல்லவே. 1990 ஓகஸ்டில் ஏறாவூரில் இரவோடிரவாக நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். விடியலைக் காணாத அவர்களில் சிறு பிள்ளைகளும் உண்டு. உயிரோடு எழுவது வழமையான காரியம் என்று அவ்வூர்ப் பிள்ளையிடம் யார் போய்ச் சொல்வது?

கடைசிச் சொல்லான ‘நுஷூர்’ பட்ட பாடும் இதுவே. மறுமையில் எழுப்பப்படுதல் என்பதை ‘மீளுதல்’ என்று மழுப்பிவிடுகிறார்கள். பாயிலிருந்து எழும்புவதையும் கப்றிலிருந்து எழுப்பப்படுவதையும் ஒரே மூச்சில் சொல்லும் துஆவில், கப்று காணாமற் போய்விடுகிறது.

அடுத்த பதிப்புக்கு அச்சகம் போகுமுன் இரண்டு சொற்களைத் திருத்துங்கள். ‘மரணிக்கச் செய்த’ என்பது கடினமாகத் தோன்றினால் ‘மௌத்தாக்கிய’ என்று எழுதுங்கள். ஆண்டு இரண்டுப் பிள்ளைக்கும் விளங்கும்.