நோவுக்கு ஒரு மொழி உண்டு

பாறசாலையை அடுத்த ஓர் எல்லைக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர் என் மைனி. விளவங்கோடு வட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர். தலைப்பிரசவத்திற்கு முன்பு மருத்துவமனையில் நடந்த பேறுகால ஆயத்த வகுப்பிற்கு இருமுறை சென்றுவந்தார். பிள்ளை பிறந்து மூன்று மாதம் கழித்து, அந்த வகுப்பு எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்லாத்தான் சொன்னாவ" என்றார். மூச்சுப் பயிற்சி, நடை, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் நினைவில் இருந்தன. பிறகு சற்றுத் தயங்கி, "பிள்ளைக்க அனக்கம் கொறஞ்சா ஒடனே வரணும்னு சொன்னாவ. அனக்கத்த நம்ம எப்பிடிக் கேக்க? அது அவிய மிஷின்லல்லா கேக்கும்" என்றார்.

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. மலையாளத்தில் 'அனக்கம்' என்றால் அசைவு. மைனியின் ஊர்த் தமிழில் அது சத்தம், சந்தடி. செவிலியர் சொன்னது வயிற்றில் பிள்ளையின் துடிப்பை. மைனி புரிந்துகொண்டது கருவியில் கேட்கும் இதய ஒலியை. ஒன்பதாம் மாதத்தில் ஒருநாள் பிள்ளையின் அசைவு குறைந்தபோது, அது ஓர் அபாய அறிகுறி என்று அவருக்குத் தெரியவில்லை. மாலை முழுவதும் அவர் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார். இரவில் மாமியார் தற்செயலாகக் கேட்டறிந்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். பிள்ளை நலமாக இருக்கிறான். ஆயினும் அந்த மாலைப்பொழுதை என்னால் மறக்க முடியவில்லை. முதுகலையில் இத்தகைய போலி இணைச்சொற்களை நாங்கள் வேடிக்கையாகப் படித்தோம். 'விஷமம்' இங்கே குறும்பு, அங்கே துயரம் என்று சொல்லிச் சிரித்தோம். பிரசவ அறையில் "விஷமமுண்டோ?" என்று கேட்கப்படும் பெண்ணை அப்போது நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. கோடு களியக்காவிளைக்கு மேற்கே விழுந்தது. ஆனால் கொள்வினையும் கொடுப்பினையும் அந்தக் கோட்டை மதிக்கவில்லை. பெண்கள் இன்றும் இரு திசைகளிலும் வாழ்க்கைப்படுகிறார்கள். தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு திரும்புகிறார்கள். ஆகவே ஒரு மாநிலத்தில் பதிவாகிய கர்ப்பம் மறு மாநிலத்தில் பிரசவமாகிறது. பிக்மி எண்ணோடு வருபவளுக்கு இங்கே புதிய பதிவேடு. இங்கிருந்து செல்பவளுக்கு அங்கே முதலிலிருந்து விசாரணை. வகுப்பு நடக்கும் மாதங்களும் அவள் வீடு மாறும் மாதங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன.

"எல்லையில் எல்லாருக்கும் மலையாளம் தெரியுமே, பிறகென்ன?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சந்தையிலும் பேருந்திலும் பேசுமளவுக்குத் தெரியும்தான். ஆனால் வகுப்பின் மலையாளம் சந்தையின் மலையாளம் அன்று. 'ரக்தஸ்ராவம்', 'கர்ப்பஸ்த சிசு' என்று வடமொழி அடர்ந்த, எழுத்தில் பழகிய நடை அது. மலையாளம் எழுதப் படிக்கக் கற்காத பெண்ணிடம் கையேடும் வெறும் காகிதமே. புரியவில்லை என்று எழுந்து சொல்ல எந்தப் பெண்ணும் துணிவதில்லை, தலையாட்டுகிறாள். நம் ஊரில் தலையாட்டல் மரியாதையின் அடையாளம். வகுப்பெடுப்பவரோ அதைப் புரிதலின் அடையாளமாகக் குறித்துக்கொள்கிறார். இதில் அந்தச் செவிலியரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை; அவர் தம் மொழியில் சரியாகவே சொன்னார்.

இது வெறும் வசதிக் குறைவன்று. பேறுகால ஆயத்தம் என்பதே சொற்களால் ஆன மருத்துவம். அச்சம் உடலை இறுக்குகிறது, இறுக்கம் வலியைப் பெருக்குகிறது என்ற கருத்தை இங்கிலாந்தின் கிராண்ட்லி டிக்-ரீட் முன்வைத்தார். அதற்கு அவர் கண்ட மாற்று, பெண்ணுக்கு நடப்பதை விளக்கிச் சொல்வது. பிரெஞ்சு மருத்துவர் லமாஸ் 1951இல் சோவியத் ஒன்றியத்தில் கண்டு வந்த முறையும் பாவ்லோவின் வழியில், சொல்லையே பயிற்சிக் கருவியாகக் கொண்டது. அப்படியானால் புரியாத மொழியில் நடக்கும் வகுப்பு, மருந்தில்லாத புட்டியைக் கையில் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி கேரளத்தில் 99.8 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. இது பெருமைக்குரிய சாதனை. வாசல் வரை கொண்டுவரும் வேலை முடிந்துவிட்டது. அதே ஆய்வின்படி அறுவைப் பிரசவம் 38.9 விழுக்காடு. ஒவ்வோர் அறுவைக்கும் முன்னால் ஓர் ஒப்புதல் தாள் இருக்கிறது. அதில் கையெழுத்திடுபவளுக்கு என்ன புரிந்தது என்பதே இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. அரசமைப்பின் 350ஏ பிரிவு தொடக்கக் கல்வியில் தாய்மொழிக்கு வசதி செய்யச் சொல்கிறது. இரண்டும் நல்லவை. ஆனால் நோவெடுத்த பெண் மனு எழுதுவதில்லை. பள்ளியில் சேரும் குழந்தையின் மொழியை நினைத்துப் பார்த்த நாம், அது பிறக்கும் நேரத்தில் அதன் தாயின் மொழியை மறந்துபோனோம்.

தமிழ் அன்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் அச்சான கையேட்டை இங்கே கொண்டுவந்து கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். 'பனிக்குடம் உடைதல்' என்பது நமக்கு அழகிய சொல். எல்லைத் தமிழில் பனி என்றால் காய்ச்சல். வெள்ளம் என்றால் தண்ணீர். பேடி என்றால் அச்சம். அங்கே 'வெள்ளம் போச்சு' என்பதே விளங்கும். 'நஞ்சுக்கொடி' என்பதைவிட 'மறுபிள்ளை' விளங்கும். 'நோவு' என்ற சொல்லோ இரு மொழிக்கும் பொது. அதைச் சொல்லும் வகுப்பில் எந்தப் பெண்ணும் அந்நியமாக உணரமாட்டாள். தூய தமிழும் ஏட்டு மலையாளமும் ஒரே தூரத்தில்தான் நிற்கின்றன.

ஆகவே நான் கேட்பது தனித் தமிழ் வகுப்பு அன்று. மூன்று சிறிய காரியங்களைக் கேட்கிறேன். முதலாவது, அபாய அறிகுறிகளுக்கு மட்டுமாவது முப்பது சொற்களில், இரு எழுத்துகளிலும், படத்தோடும் ஓர் அட்டை. அச்சொற்களைப் பிள்ளை பெற்ற எல்லைப் பெண்களிடமே கேட்டுத் தொகுக்க வேண்டும். இரண்டாவது, சொல்லி முடித்ததும் "புரிந்ததா?" என்று கேட்காமல், "வீட்டில் போய் என்ன சொல்வாய், சொல்லு பார்ப்போம்" என்று கேட்கும் பழக்கம். 'அனக்கம்' எங்கே பிசகியது என்று ஒரு நிமிடத்தில் வெளிப்பட்டிருக்கும். மூன்றாவது, இரு பேச்சும் அறிந்த உள்ளூர் ஆஷா பணியாளர் ஒருவர் வகுப்பில் உடனிருப்பது. அந்த உழைப்பிற்குரிய ஊதியத்தோடு. எளிய, பண்பாட்டிற்கு ஏற்ற முறையில் பேசுவதைப் பிரசவப் பராமரிப்பின் ஒரு பகுதியாகவே உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்துவிட்டது. இதில் எதற்கும் புதிய கட்டடமோ கருவியோ தேவையில்லை.

எல்லைக் கிராமங்களில் பிறந்தவர்களும் பிள்ளை பெற்றவர்களும் இதைப் படித்தால், உங்கள் வீட்டில் பேறுகாலத்தில் புழங்கிய சொற்களை எனக்கு எழுதுங்கள். அம்மையிடமும் அம்மூம்மையிடமும் கேட்டு எழுதுங்கள். அந்த அட்டையின் முதல் வரியில் எழுத வேண்டிய சொல் எனக்குத் தெரியும்: பிள்ளைக்க அனக்கம் என்றால், அவன் உள்ளே சவட்டுவதும் புரளுவதும்.