பேர் ரிஜிஸ்டர்ல... ஆள் எங்கே?

'75 பர்சென்ட் அட்டெண்டன்ஸ் இல்லேன்னா ஹால் டிக்கெட் கிடையாது'ன்னு ஹெச்.ஓ.டி. மிரட்டுற சீஸனா? அப்ப இந்த வார மேட்டர் உங்களுக்குச் சட்டுனு புரியும்.

2025 ஜூனில் இந்தியா ஒரு பெரிய கோட்டைத் தாண்டியது. நாட்டில் உள்ள மின் நிலையங்களின் மொத்தத் திறனில் பாதி, நிலக்கரியும் எரிவாயுவும் டீசலும் தேவைப்படாதவை. சூரியஒளி, காற்று, நீர், அணு எல்லாம் சேர்த்து இந்தக் கணக்கு. 2030-க்குள் எட்டுவோம்னு உலகத்துக்குக் கொடுத்த வாக்கு, அஞ்சு வருஷம் முன்னாடியே நிறைவேறிடுச்சு. 2010-ல் தேசிய சூரிய மின் இயக்கம் ஆரம்பிச்சப்போ, 2022-க்குள் 20,000 மெகாவாட் என்பதே பெரிய கனவு. இன்னிக்கு அது ஒரு லட்சத்தைத் தாண்டியாச்சு. சபாஷ்!

கைதட்டிட்டீங்களா? இப்ப அட்டெண்டன்ஸ் எடுப்போம்.

'திறன்' என்பது ரிஜிஸ்டர்ல இருக்கிற பேர் மாதிரி. கிளாஸுக்கு வந்தாங்களா என்பது வேற கதை. 2024-25-ல் நாம் தயாரித்த மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரி தந்ததுதான். காரணம் சிம்பிள். சோலார் பேனல் சாயங்காலம் ஆனா 'எஸ்' ஆயிடும். முப்பந்தல் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை வெளுத்துக் கட்டும். மத்த மாசத்துல மந்தம்தான். ஆனா நீங்க ஹாஸ்டல் ரூமுக்கு வந்து ஃபேன், லைட், லேப்டாப், செல் சார்ஜர் எல்லாத்தையும் போடறது எப்போ? சூரியன் டாட்டா காட்டின பிறகு!

'அப்ப எல்லாரும் கரண்ட்டைக் குறைச்சுக்கோங்க'ன்னு சொல்லிடலாமா? முடியாது பாஸ். ஓர் இந்தியர் சராசரியாகச் செலவழிக்கும் மின்சாரம் உலக சராசரியில் பாதிகூட இல்லை. கிராமத்துல இருக்கிற உங்க பாட்டி இப்பதான் ஃப்ரிட்ஜ் வாங்கியிருப்பாங்க. அதைப் பிடுங்குறது கொள்கை இல்லை, கொடுமை.

அதனால அடுத்த பரீட்சையே பகல் வெயிலை ராத்திரிக்குச் சேர்த்து வைக்கிறதுதான். ஒரு வழி, ராட்சத பேட்டரி. இன்னொன்று, மிச்சமாகும் கரண்ட்டில் தண்ணீரை மேல் அணைக்கு ஏத்தி, தேவைப்படும்போது கீழே விட்டு டர்பைனைச் சுத்த வைக்கிறது. கோவை மாவட்டம் கடம்பாறையில் 400 மெகாவாட்டுக்கு இந்த ஏற்பாடு 1980-களிலேயே வந்தாச்சு! மூணாவது, விலை. வெயில் நேரத்தில் கட்டணம் குறைவு, பீக் நேரத்தில் அதிகம் என்று 2023-ல் மத்திய அரசு விதியையே திருத்தியது.

இதுல உங்க பங்கு? சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட்ஸ் இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 30 வாட்ஸ் போதும். உங்க ஹாஸ்டல்ல 200 ஃபேன் இருந்தா, மாத்தினதும் ராத்திரி 9 மணிக்கு 9 கிலோவாட் மிச்சம். காத்து குறையாது. கால்குலேட்டரோட வார்டனைப் பாருங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறவங்களுக்கும் இது ரெடிமேட் விருந்து!

2070-க்குள் நிகரப் பூஜ்ய கார்பன் என்று 2021-ல் கிளாஸ்கோவில் இந்தியா அறிவித்தது. அறிவிச்சவங்க யாரும் அப்போ பதில் சொல்ல இருக்க மாட்டாங்க. உங்களுக்கு அப்போ அறுபத்தஞ்சு வயசு. அந்த அட்டெண்டன்ஸ்ல 'பிரசன்ட் சார்' சொல்லப் போறது நீங்கதான்!