ஓர் ஆண்டு நிறைவும் ஒரு பழைய படமும்

ஆவணித் திருவிழா முடிந்து மடுவில் சனம் கலைந்துவிட்டது. பல்கலைக்கழகம் மீண்டும் தொடங்குமுன், என் தமையனாரின் மகள் தான் விரும்பும் இளைஞனுடன் காதலின் முதலாண்டு நிறைவைக் கொண்டாடினாள். கேக் இல்லை, பதாகை இல்லை. முற்றத்தில் இருவரும் ஒரே தாளில் பாலை மரமொன்றை வரைந்தனர். பின்னர் எங்களையும் இருத்தி, மடிக்கணினியில் ‘பொன்மணி’ பார்த்தனர்.

1970களின் இறுதியில் சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்து வாழ்வை வைத்து எடுத்த தமிழ்ப்படம் அது. சாதி கடந்து காதலித்தவள் இறுதியில் உயிரிழக்கிறாள். அதுவரை அந்த இளைஞனின் குலத்தை விசாரித்துக்கொண்டிருந்த அண்ணர், படம் முடிந்ததும் ‘தம்பி, தேத்தண்ணி குடிக்கிறீரோ’ என்று மட்டும் கேட்டார்.

‘மாதாவின் மண்ணில் இதென்ன கூத்து?’ என்கின்றனர் உறவினர் சிலர். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1999 நவம்பர் 20ஆம் திகதி இரவு, மடுத் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர் மீது எறிகணைகள் வீழ்ந்து சுமார் 40 பேர் மாண்டனர். எங்கள் திருமணத்தின் முதலாண்டு நிறைவு அதற்கு இரு கிழமைகளின் பின்னர் வந்தது. அதைப்பற்றிப் பேச இருவருக்கும் வாய் எழவில்லை. போர்க்காலத்தில் கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சி, ஒருவரையொருவர் அறியாமலே மணமுடிக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்!

இவர்களுக்கோ அறிந்து பழக ஓராண்டு கிடைத்திருக்கிறது. அதையும் மறைவில் அல்ல, பெற்றோர் முன்னிலையில் கொண்டாடுகின்றனர். இதைச் சீரழிவு என்று சொல்ல என்னால் இயலாது. அந்த ஓவியத்தைச் சட்டமிடக் கொடுத்திருக்கிறேன்.