வீங்கிய காலுக்கும் வேலை வேண்டும்

கும்பகோணம் வட்டாரத்தில் யானைக்கால் நோயை அறியாதார் இல்லை. அதன் பரவலைத் தடுக்க, நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை மாத்திரை வழங்கும் திட்டம் 2004-இல் நாடு முழுவதற்கும் வந்தது. ஆனால் முற்றிப்போன பழைய வீக்கத்தை மாத்திரை வற்றச் செய்யாது. அந்தக் கால்களுடன் வாழும் முதியோர் இன்னும் உண்டு.

“நீங்கள் அசையாதீர்கள், அத்தை” என்று மருமகள் திண்ணையில் உட்கார வைக்கிறாள். அன்பினால் நேரும் தவறு இது! இரத்தத்தைத் தள்ள இருதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படி ஒன்றில்லை. கெண்டைக்கால் தசை சுருங்கி விரிவதே அது மேலேறப் பெரிதும் உதவுகிறது. காலைத் தொங்கவிட்டுச் சும்மா இருந்தால் வீக்கம் கூடும்.

பயிற்சி கடினமன்று. உட்கார்ந்தபடியே குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கலாம். பிறகு விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்கலாம். கணுக்காலை மெல்லச் சுழற்றலாம். களைப்புத் தோன்றுமுன் நிறுத்திவிட்டு, பகலில் பல வேளை செய்வது நலம். ஓய்வு நேரத்தில் காலை உயர்த்தி வைக்கவேண்டும். இருதய நோயுள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது அவசியம். தினமும் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரமின்றித் துடைக்கவேண்டும். காய்ச்சல், சிவப்பு, வலி கண்டால் பயிற்சியை நிறுத்தி டாக்டரிடம் செல்லவேண்டும்.

மற்ற நாட்களில், கைகொடுத்து வாசல்வரை நடத்திச் செல்லும் பேரப்பிள்ளையே அந்தக் காலுக்கு நல்ல துணை.