தழும்பு சிறியதா, சிகிச்சை முழுமையானதா?

ரெட்டியார்சத்திரம் சுற்றுவட்டார உழவர் குடும்பத்தினர் எம்மிடம் முதலில் வினவுவது, "நெஞ்சைத் திறக்காமல் சாவித்துளை முறையில் பைபாஸ் செய்ய இயலாதா?" என்பதே. அக்கேள்வி நியாயமானது. மார்பெலும்பை அறுத்துத் திறந்தால் அது கூடுவதற்கு 6 முதல் 8 வாரங்களாகும். ஏறத்தாழ 3 மாதங்கள் காய்கறி மூட்டை தூக்கலாகாது. விலா எலும்புகளுக்கிடையே சிறு கீறலிட்டுச் செய்யும் முறையில் மார்பெலும்பு அறுபடுவதில்லை. விரைவில் வேலைக்குத் திரும்பலாம்.

ஆயினும், இதயத்தின் முன்புறத் தமனியில் மட்டும் அடைப்புள்ளோர்க்கே இம்முறை பெரிதும் பொருந்தும். பல குழாய்களில் அடைப்பிருப்பின், அனைத்தையும் ஒருசேர எட்டுவதற்குத் திறந்த முறையே பெரும்பாலும் ஏற்றது. 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்த நாள்முதல் நம் நாட்டில் பழகித் தேர்ந்த வழி அது.

எனவே, தழும்பின் நீளத்தைக் கொண்டு முடிவெடுக்க வேண்டாம் என்பதே எமது கருத்து. ஆஞ்சியோ படத்துடன் அறுவை மருத்துவரை அணுகி, "அடைப்புகள் எத்தனை? எங்கே? சிறு கீறல் வழியே அனைத்தையும் சரிசெய்ய இயலுமா?" என்று கேளுங்கள். சில வார ஓய்வை மிச்சப்படுத்தி, ஓர் அடைப்பை விட்டுவைப்பது இலாபமன்று.